சறுக்கு மரமும் சுடும்!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, 'நட்பு' என்று தலைப்புப் போட்டு ஒரு கவிதை எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். போன மே மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் எனக்குள் இன்னும் ஆறவில்லை. நண்பர்களே, அதையே எழுதுகிறேன். படித்தால் உங்கள் அக்கா பிள்ளைக்கோ, அண்ணன் பிள்ளைக்கோ உதவும்.

லீவுக்கு அக்கா தன் நான்கு வயது மகனோடு அரக்கோணம் வந்திருந்தாள். கத்திரி வெயில் நேரம். காலை பதினோரு மணி இருக்கும். "மாமா, பார்க்குக்குப் போலாம் மாமா" என்று பையன் ஒரே நச்சரிப்பு. "வெயில் தாழட்டும்டா" என்றாள் அக்கா. "அரை மணி நேரத்துல வந்துடறோம்க்கா" என்று நான்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பூங்காவில் ஒரு குழந்தைகூட இல்லை. 'அப்பாடா, இன்னிக்கு வரிசை இல்ல' என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் யாருமே இல்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை. நானே அவனைத் தூக்கிச் சறுக்கு மரத்தின் உச்சியில் உட்கார வைத்தேன். அரை டிராயர் போட்டிருந்தான். பாதி வழியில் தொடை தகட்டில் ஒட்டி நின்றுவிட்டான். அலறிக்கொண்டு கையை ஊன்றினான். உள்ளங்கையும் சுட்டது.

தொடையின் பின்பக்கம் இரண்டு கொப்புளம். பக்கத்து வீட்டம்மா "பேஸ்ட் தடவு" என்றார். எதிர் வீட்டுத் தாத்தா "இங்க் ஊத்து" என்றார். பேஸ்ட்டைத் தடவிக்கொண்டு ஓடினோம். டாக்டர் திட்டினார். "குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணில காட்டியிருந்தா போதும். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் கூடாது" என்றார். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திட்டியது அப்பாதான். அவர் ரயில்வேயில் லைன் பார்க்கும் வேலையில் இருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "தண்டவாளத்துக்குக்கூட டெம்பரேச்சர் பாக்குறோம்டா. நீ புள்ளைய உக்கார வெக்கிற தகட்டத் தொட்டுப் பாக்கலியா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

காற்றின் சூடு வேறு, தகட்டின் சூடு வேறு

சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டு என்று நாலு பக்கமும் தண்டவாளம் போகும் ஊர் நம் ஊர். கோடையில் ரயில்வேக்காரர்கள் காற்றின் சூட்டை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. தண்டவாளத்தின் மேலேயே வெப்பமானியை வைத்து இரும்பின் சூட்டை அளக்கிறார்கள். அது ஓர் அளவைத் தாண்டினால் லைன் நெளியாமல் இருக்கிறதா என்று பார்க்க ரோந்து போகிறார்கள். ஏன்? காற்று 40 டிகிரி இருக்கும்போது வெயிலில் கிடக்கும் இரும்பு 40 டிகிரியோடு நிற்பதில்லை.

செய்தியில் 'திருத்தணியில் 42 டிகிரி' என்று சொல்கிறார்களே, அது நிழலில் எடுத்த கணக்கு. வெள்ளை வண்ணம் பூசிய, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் வெப்பமானி இருக்கும். நம் பிள்ளை விளையாடுவது அந்தப் பெட்டிக்குள் அல்ல. அமெரிக்காவில் அரிசோனா என்ற பாலைவன மாநிலத்தில் குழந்தைகள் பூங்காவை அளந்து பார்த்தபோது, நிழலில்லாத ரப்பர் தரை 80 டிகிரியையும், சறுக்கு 70 டிகிரியையும் தாண்டியிருந்தன. நிழல் விழுந்த இடத்தில் அந்தச் சூடு வெகுவாக இறங்கிவிட்டது.

நம் ஊர் பாலைவனம் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் சென்னைக்கு மதிய வாக்கில் கிடைக்கும் கடல்காற்று உள்நாட்டில் இருக்கும் நமக்கு வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடுகிறது. சில நாள் வருவதே இல்லை. அதனால்தான் கோடையில் வேலூரும் திருத்தணியும் பட்டியலில் முதல் வரிசைக்கு வந்துவிடுகின்றன. இன்னொன்றும் கவனியுங்கள். பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, காடும் மலையும் வெயிலில் காய்ந்து திரிந்ததே பாலை என்பது சிலப்பதிகாரம் சொல்லும் கருத்து. மரத்தை வெட்டிவிட்டு சிமெண்ட் போட்ட பூங்காவும் அப்படித்தான்.

எந்தப் பொருள் எவ்வளவு சுடும்?

பேரில் மட்டும்தான் அது சறுக்கு 'மரம்'. உடம்பு இரும்பு. வெப்பக் கடத்துத்திறன் நாம் படித்ததுதானே? இரும்பு, மரத்தைவிடச் சில நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே இரண்டும் ஒரே டிகிரியில் இருந்தாலும் இரும்புதான் தோலுக்குள் சூட்டை அதிவேகமாகத் தள்ளும்.

சூடான பரப்பைத் தொடுவது பற்றிய ஐ.எஸ்.ஓ. 13732 என்ற சர்வதேசத் தரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பூச்சில்லாத உலோகத்தை ஒரு நிமிடம் தொட்டுக்கொண்டிருந்தால் 51 டிகிரியிலேயே தோல் வெந்துபோகும் அபாயம் தொடங்குகிறது. மரம், பிளாஸ்டிக் என்றால் 60 டிகிரி. பத்து நிமிடம் என்றால் எந்தப் பொருளானாலும் 48 டிகிரிதான் எல்லை. இதெல்லாம் பெரியவர்களின் தோலுக்கு. குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் பிளாஸ்டிக் சறுக்கும் ரப்பர் தரையும் பாதுகாப்பு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மெதுவாகக் கடத்தினாலும், கறுப்பு ரப்பரும் செயற்கைப் புல்லும் வெயிலில் உலோகத்தைவிட அதிகமாகவே சூடேறக்கூடியவை. பார்க்கப் பச்சையாக இருக்கிறது, புல் என்று செருப்பைக் கழற்றிவிடுகிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

சாயங்காலத்துக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்லிய தகடு நிழல் வந்த சில நிமிடங்களில் ஆறிவிடும். கனமான சிமெண்ட் தரையும் கருங்கல் பெஞ்சும் பகலெல்லாம் குடித்த சூட்டை விளக்கு வைத்த பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். திருத்தணி மலையில் 365 படியும் வெறுங்காலோடு ஏறியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை!

குழந்தை, சின்ன சைஸ் பெரியவர் அல்ல

நமக்கு 'கொஞ்சம் புழுக்கம்' என்று தோன்றுவது குழந்தைக்கு ஆபத்தாகலாம். காரணங்கள் நான்கு.

ஒன்று, எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் உடல் பரப்பு அதிகம். காற்று உடம்பைவிடச் சூடாக இருந்தால் அத்தனை பரப்பு வழியாகவும் சூடு உள்ளே ஏறும். இரண்டு, நம் அளவுக்கு அதற்கு வியர்க்காது. மூன்று, உயரம் குறைவு. கொதிக்கும் தரைக்கு முகம் பக்கத்தில் இருக்கிறது. நான்கு, தாகம் எடுத்தாலும் விளையாட்டு மும்முரத்தில் கேட்காது. சுட்டாலும் உடனே விலகத் தெரியாது. எங்கள் பையன் எழுந்து ஓடவில்லை, கையை ஊன்றினான்.

முகம் சிவந்து, சோர்ந்து, எரிச்சலோடு அழுதால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சு தடுமாறினாலோ, தூங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ ஆஸ்பத்திரிதான். வேறு யோசனையே கூடாது.

வடக்குப் பார்த்தால் போதுமா?

விளையாட்டுத் திடல் அமைப்பது பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகளில், 'சறுக்கை வடக்குப் பார்த்து வையுங்கள், நேர் வெயில் விழாது' என்று இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். நாம் இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. குச்சியை நட்டால் நிழலே விழாது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது! ஆக, மே மாதத்தில் வடக்குப் பார்த்த சறுக்கு வெயிலுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். நண்பகலுக்குத் தலைக்கு மேல் கூரை அல்லது மரக்கிளை வேண்டும். திசையை மாற்றுவதால் மட்டும் பலனில்லை. பிள்ளைகள் விளையாட வரும் நாலு, ஐந்து மணிக்கு மேற்கிலிருந்து சாய்வாக வெயில் அடிக்கும். அதற்கு மேற்குப் பக்கத்தில் மரமோ சுவரோ வேண்டும். உயரத்தில் ஒரு கூரையை மட்டும் போட்டுவிட்டால் அதன் நிழல் கிழக்கே தள்ளிப்போய் விழும். சறுக்கு வெயிலில் நிற்கும்.

நல்ல இடத்தை எப்படித் தேடுவது?

பையனுக்குப் புண் ஆறியதும், நானும் இரண்டு வகுப்புத் தோழர்களும் சில ஞாயிற்றுக்கிழமைகள் சைக்கிளில் சுற்றினோம். புறங்கைதான் எங்கள் கருவி. நாங்கள் கற்றுக்கொண்டது இது.

முதலில் விளையாட்டுச் சாமானைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு முறை, மாலை நாலு மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். இரண்டு நேரமும் நிழலில் இருக்கும் ஊஞ்சல் ஒன்றே ஒன்று இருந்தாலும், வெயிலில் நிற்கும் பத்துச் சாமானைவிட அது மேல்.

அடுத்து, என்ன மரம் என்று பாருங்கள். வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் இலை கொட்டி, சித்திரைக்குள் தளிர்த்து அடர்ந்துவிடும். நமக்குத் தேவையான நேரத்தில் சரியாகக் குடை பிடிக்கும். மேஃபிளவர் மரம் அழகுதான். ஆனால் வெயில் உச்சத்தில் பூ அதிகம், இலை குறைவு. கிளையும் எளிதில் முறியும். தென்னை நிழலில் பிள்ளையை விடக்கூடாது. மட்டை, காய் விழும். அரளிச் செடி இருந்தால் கிட்டேயே விடாதீர்கள், இலை, பூ, காய் எல்லாம் விஷம். கருவேல முள்ளும் கவனம்.

மூன்றாவது, தரை. மரத்தடி மண், நிழலில் இருக்கும் மணல், நீர் பாயும் நிஜப்புல், இவைதான் நல்லவை. வெயிலில் காய்ந்த மணலும் கால் சுடும். மணல் என்பதற்காகவே நம்பிவிட வேண்டாம்.

நான்காவது, தொட்டுப் பார்ப்பது. ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் காய்த்துப்போன நம் உள்ளங்கை இதற்கு உதவாது. புறங்கையைத் தகட்டில் வைத்துப் பத்து எண்ணுங்கள். எடுத்துவிடத் தோன்றினால் பிள்ளையை ஏற்றாதீர்கள். ஊஞ்சல் சங்கிலி, ஏணிக் கம்பி, இருக்கை எல்லாவற்றையும் தொட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தகடு ஆறும். ஆனால் வெயிலில் சில நிமிடத்தில் மறுபடி ஏறிவிடும்.

ஐந்தாவது, நேரம். கோடையில் காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்தரைக்குப் பிறகு. நடுப்பகலில் பூங்கா காலியாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. கையில் தண்ணீர் பாட்டில், காலில் செருப்பு, தலையில் தொப்பி இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கில் பார்த்தபோது எங்களுக்குப் பிடித்த இடம், சாமான் நிறைந்த பூங்கா எதுவும் அல்ல. ஒரு தெருமுனையில் புங்க மரம். அதன் கிளையில் யாரோ கட்டிய டயர் ஊஞ்சல். கீழே மண். மதியம் பன்னிரண்டுக்கும் அங்கே நாலு பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு யாரும் வெப்ப இயக்கவியல் சொல்லித்தரவில்லை, பாருங்கள்!

நம்மால் என்ன முடியும்?

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அகமதாபாத் நகரம் 2010-இல் வெயிலில் பட்ட அடிக்குப் பிறகு, 2013-லேயே வெப்பத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. பெரிய வேலைகளை அவர்கள் பார்க்கட்டும். டிப்ளமோ படிக்கும் நம் கைக்கு எட்டியது நிறைய இருக்கிறது.

சிவில்காரர்கள் சாயங்கால வெயிலைக் கணக்குப் பார்த்து மேற்குப் பக்கமும் தொங்கும்படி ஒரு பந்தல் வரைந்து கொடுக்கலாம். மெக்கானிக்கல்காரர்கள் பைப்பை வெல்டிங் செய்து சட்டம் அடிக்கலாம். மேலே தென்னங்கீற்றோ நிழல் வலையோ போதும். தகரம் மட்டும் வேண்டாம். அது தானே சூடாகி, கீழே இருப்பவர்மேல் கக்கும். கோயில் பிரகாரத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்து, தென்னை நார் விரிப்புப் போடுகிறார்களே, அந்த யோசனையை விளையாட்டிடத்து நடைபாதைக்கும் எடுத்துக்கொள்ளலாம். நிழலுக்கு நகர்த்தக்கூடிய சறுக்கை நகர்த்தலாம். நகர்த்த முடியாததற்கு மேற்கே ஒரு புங்கங்கன்று நடலாம்.

வருகிற நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், ஊரில் ஏதாவது ஒரு அங்கன்வாடியைத் தேர்ந்தெடுத்து இதைச் செய்தால் என்ன? யூனியன் கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். கை தூக்க நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியம்தான்.

கடைசியாக ஒன்று. பையனின் கொப்புளம் ஆறி, தழும்பும் மங்கிவிட்டது. ஆனால் இப்போதும் எந்தச் சறுக்கைப் பார்த்தாலும், மழைக்காலமானாலும், ஏணியின் கீழே நின்று என் முகத்தைப் பார்த்து, "மாமா, இது சுடுமா?" என்று கேட்கிறான். நான் ஏறிப்போய்ப் புறங்கையை வைத்துப் பத்து எண்ணுகிறேன். அவனும் கீழே நின்று சத்தமாக என்னோடு எண்ணுகிறான். பத்து வந்த பிறகுதான் ஏறுகிறான்.