மண்ணுக்குக் கணக்கு எங்கே?

கவரைப்பேட்டை வழியே கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவர்கள் காண்பதென்ன? இருப்புப் பாதை, கல்கத்தா நெடுஞ்சாலை, அப்பால் சிப்காட் தொழிற்கூடங்கள். வளரட்டும், வேண்டாமென்போர் நாமல்ல. தாழ்ந்த நிலத்தில் சாலை போட மண் வேண்டும், தொழிற்கூடம் எழுப்ப மண் வேண்டும். அந்த மண் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்றுதான் கேட்கிறோம்.

2020 மார்ச் 28. ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வேளை. அப்போது பார்த்து டில்லி ஆட்சியினர் ஓர் அறிவிக்கை வெளியிட்டனர். சாலை, குழாய்ப்பாதை போன்ற பணிகளுக்குச் சாதாரண மண் தோண்டினால் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டியதில்லையாம்! மக்களிடம் ஆட்சேபணை கேட்டார்களா? அதுவும் இல்லை. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. எவ்வளவு மண், எவ்வளவு பரப்பு என்ற வரம்பே இல்லாத விலக்கு செல்லாது என்பது தீர்ப்பின் சாரங்களில் ஒன்று.

வரம்பு கட்ட வேண்டுமானால் அளந்து வரைந்த படம் வேண்டும். புல எண், எல்லைக் கல், கரை, மதகு, கலங்கல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அசையாத ஒரு கல்லில் மட்டம் குறித்து, அங்கிருந்து தரையின் உயரத்தைக் கட்டம் கட்டமாக எடுக்க வேண்டும். தோண்டி முடிந்ததும் அதே கல்லிலிருந்து மறுபடி அளந்தால், இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடே போன மண். முன் படம் இல்லையென்றால் பின்னால் எவராலும் எதையும் மெய்ப்பிக்க முடியாது.

ஒரு ஹெக்டேரில் அனுமதித்ததற்கு மேல் ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் 10,000 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் ஏறத்தாழ 3,530 யூனிட். ஆறு யூனிட் வண்டியென்றால் 588 நடை! கரையில் நின்று பார்க்கும் கண்ணுக்கு அந்த ஒரு மீட்டர் தெரியுமா?

ஏரியில் வண்டல் எடுப்பது நல்லதே. உழவர் காலங்காலமாகச் செய்தது. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் தேங்கும் நீர் வயலுக்கு ஏறுமா? களிமண் படுகையைக் குடைந்து மணலைத் தொட்டுவிட்டால் ஏரியில் நீர் நிற்குமா? கரையடியைக் கொத்தினால் கரை தாங்குமா? செங்குத்தாக வெட்டிய குழியில் நீச்சலடிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதை பழையது. அந்தப் பக்கத்தில் குழி நீரை இரவு பகலாக இறைத்துக் கொட்டுவது விளையாட்டுக் காரியமா?

ஆகவே, சென்னையில் எவர் ஆண்டாலும் நாம் கேட்பது இது: குத்தகை ஆணையோடு படமும் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கட்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் பரப்பட்டும். குழியின் ஓரம் சரிவாக, படிப்படியாக இறங்கட்டும். லாரிமீது தார்ப்பாய் போர்த்தட்டும். பின் படம் வராமல் பிணைத்தொகை திரும்பக் கூடாது. கிராம சபை கூடும் நாட்களில் நம் தோழர்கள் எழுந்து முதலில் கேட்க வேண்டியது, முன் படம் எங்கே என்பதைத்தான்.