திடனற்றுப்போகாத பிள்ளைகள்

கொலோசெயர் நிருபத்தில் பிதாக்களுக்குரிய கட்டளை ஒரே வசனத்தில் அடங்கிவிடுகிறது (3:21). பிள்ளைகளை எரிச்சலூட்டி அவர்கள் மனதை முறித்துவிடலாகாது என்பதே அதன் கருத்து. அங்கு வரும் 'அத்துமெயோ' என்ற கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. 'தூமோஸ்' என்பது உள்ளத்தின் வேகம், ஊக்கம், சினம்; அதனை இழந்த நிலையையே நமது பழைய மொழிபெயர்ப்பு 'திடனற்றுப்போதல்' என்கிறது. ரோமச் சட்டம் தந்தைக்கு மிகப் பெரும் அதிகாரம் அளித்திருந்த காலத்தில், பிள்ளையின் உள்ளநிலையையே அவ்வதிகாரத்திற்கு எல்லையாக வைத்தார் ஆசிரியர்.

இச்சொல்லின் பொருளைத் திருப்பூர் ஊழியத்தில்தான் உணர்ந்தேன். பனியன் கம்பெனிகளில் காலை 8.30க்குத் தொடங்கும் 'ஒன்றரை ஷிப்டு' இரவு 8.30க்கே முடியும். பீஸ் ரேட்டில் தைப்போருக்கு ஓய்வென்பது கூலி இழப்பு. மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளினின்று குடிபெயர்ந்தோர் பலருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டியும் அருகில் இல்லை.

எங்கள் சபையார் குடியிருந்த லைன் வீடுகளில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றும் இருந்தது. அவ்வீட்டின் 9 வயது மகன் தங்கைக்குச் சோறூட்டி, வீட்டுப்பாடம் முடித்து, பெற்றோர் வருமுன் படுத்துவிடுவான். "எத்துணை அடக்கமான பிள்ளை!" என்று புகழ்ந்தேன். தாயோ, "ஐயா, அவன் தூங்குவதில்லை, அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறான்" என்றார். நான் கீழ்ப்படிதல் என்று மெச்சியது திடனற்றுப்போதலே.

தந்தை கொடியவரல்லர். கம்பெனியில் காட்ட இயலாத கோபம் வீட்டில் இறங்கியது. போப் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' மடலின் ஏழாம் அதிகாரம், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று காவல் காப்பதைவிட, அவன் உள்ளம் எங்கே இருக்கிறது என்று அறிவதே முக்கியம் என்று விளக்குகிறது. நெடுநேரம் வீட்டிலிராத பெற்றோருக்கும் இது இயலும். ஆகவே அத்தந்தையுடன் இரண்டு காரியங்களே பேசினேன்: வந்ததும் மதிப்பெண்ணை விசாரியாமல் மகனோடு அமர்ந்து உண்பது, அநியாயமாய்க் கடிந்துகொண்டால், தவறு தம்முடையதென்று மகனிடமே சொல்வது.

சில வாரங்களுக்குப் பின் அம்மகன் தந்தையிடம் கோபித்துக்கொண்டு எதிர்வாதம் பேசினானாம். தாய் அதை மகிழ்ச்சியோடு சொன்னார். இழந்த 'தூமோஸ்' திரும்பியிருந்தது.

பிள்ளைகளின் கீழ்ப்படிதலைப் பற்றிய 20ஆம் வசனத்தை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அடுத்த வசனத்தை விட்டுவிட்டால், பயத்தையே பக்தியென்று போதித்தவர்களாவோம். வீடு சந்திக்கையில், சத்தமின்றி இருக்கும் பிள்ளையிடம் முதலில் பேசுவோமாக.