வீட்டுக் கேமராவின் ஃபெர்ம்வேரைப் புதுப்பிப்பது ஏன், எப்படி?



தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் இரவுக் காவலுக்கு ஒரு ஜாகா இருப்பார். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு லயத்து வீடுகளைச் சுற்றி வருவார். இன்று சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகான் செராய் பக்கம் போய்ப் பாருங்கள். பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் தாமான் வீடுகளுக்கும் மாறிவிட்டன. பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது அம்மா அப்பாவோ பாட்டி தாத்தாவோதான். ஜாகா செய்த வேலையை இப்போது ஒரு சிறிய வைஃபை கேமரா செய்கிறது. அம்மா சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா என்பதைக்கூடப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால், வாங்கி மாட்டிய நாளோடு பலர் அதை மறந்துவிடுகிறோம். "அதான் நல்லா ஓடுதே, எதுக்குப் போய் நோண்டணும்?" என்று கேட்கிறோம். படம் தெளிவாக வருகிறது என்பதும் கேமரா பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரை.

ஃபெர்ம்வேர் என்றால் என்ன?

மறைக்காணி, கண்காணிப்புக் கேமரா, சிசிடிவி என்று எப்படி அழைத்தாலும், இணையத்தோடு இணையும் கேமரா உண்மையில் ஒரு சின்னக் கணினி. அதற்குள் செயலகம், நினைவகம், வைஃபை எல்லாம் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு சிறு வடிவம். லென்ஸைத் திருப்புவது, படத்தைப் பதிவு செய்வது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, உங்கள் கைப்பேசிக்குப் படத்தை அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் நடத்தும் நிரல்தான் ஃபெர்ம்வேர். தமிழில் நிலைபொருள் என்கிறோம். மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அது நிலையாக இருக்கிறது.

மாணவர்கள் ஓர் இடத்தில் குழம்புவார்கள். கைப்பேசியில் இருக்கும் செயலி வேறு, கேமராவுக்குள் இருக்கும் நிலைபொருள் வேறு. பிளே ஸ்டோரில் செயலியைப் புதுப்பித்தால் கேமரா தானாகப் புதுப்பிக்கப்பட்டதாக ஆகாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கடவுச்சொல் மட்டும் போதாதா?

"நான்தான் கடினமான பாஸ்வர்ட் வச்சிருக்கேனே" என்று சிலர் சொல்வார்கள். கடவுச்சொல் சாவி என்றால் நிலைபொருள் பூட்டு. சாவி பத்திரமாக இருந்தாலும் பூட்டு பழுதாக இருந்தால் கதவு திறந்துகொள்ளும். இரண்டுக்கும் உண்மைச் சம்பவங்கள் உள்ளன.

முதலில் சாவி. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அது பெரிய தந்திரம் எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர்–கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கும் சற்று அதிகமானவற்றை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் கருவி அதில் பங்கெடுத்தது தெரியவே தெரியாது. அவர்கள் வீட்டில் படம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் அண்மையில் நடந்தது இன்னும் வேதனையானது. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டிலுள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் வெளியே கசிந்து, யூடியூபிலும் டெலிகிராமிலும் பரவியது தெரியவந்தது. பாதுகாப்புக்காக வைத்த கேமராவே அந்தப் பெண்களின் மானத்துக்கு எதிராகத் திரும்பியது.

இப்போது பூட்டு. அமெரிக்காவின் டிரெண்ட்நெட் நிறுவனம் விற்ற வீட்டுக் கேமராக்களில் ஒரு நிரல் பிழை இருந்தது. கடவுச்சொல் வைத்திருந்தாலும், இணைய முகவரி தெரிந்த எவரும் நேரடிக் காட்சியைப் பார்க்க முடிந்தது. 2012 ஜனவரியில் ஏறக்குறைய 700 கேமராக்களின் காட்சிகளுக்கான இணைப்புகள் இணையத்தில் போடப்பட்டன. தொட்டிலில் தூங்கும் குழந்தைகளும் அவற்றில் இருந்தனர். நிறுவனம் பிழையைச் சரிசெய்து புதிய நிலைபொருளை வெளியிட்டது. அதை ஏற்றிக்கொண்ட வீடுகள் தப்பின. ஏற்றாத வீடுகளில் ஓட்டை அப்படியே இருந்தது. 2013-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது.

நமக்குப் பக்கத்திலும் நடந்தது. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் இருப்பது செய்தியானது. பாலூட்டும் தாய்மார்கள், பிள்ளைகள் எனச் சாதாரணக் குடும்பங்கள்தாம் அவற்றில் தெரிந்தன.

வெளியீட்டு நாள் திருடனுக்கும் தெரியும்

ஒரு நிறுவனம் புதிய நிலைபொருளை வெளியிடும்போது, "பழையதில் இந்த இடத்தில் ஓட்டை இருந்தது" என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது மாறியது என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு இன்னும் புதுப்பிக்காத கருவிகளைத் தேடி, இணைய முகவரிகளைத் தானியக்கமாகத் துழாவுவார்கள். வீட்டுக்காரர் பெரிய ஆளா, சின்ன ஆளா என்று நிரல் பார்ப்பதில்லை. பழைய கம்பத்து வீடும் ஈப்போ பங்களாவும் அதற்கு ஒன்றுதான்.

2021 செப்டம்பரில் ஹிக்விஷன் நிறுவனக் கேமராக்கள் பலவற்றில் ஒரு கடுமையான ஓட்டை அறிவிக்கப்பட்டது. கடுமையை அளக்கும் பத்துப் புள்ளி அளவில் அதற்கு 9.8. கடவுச்சொல்லே இல்லாமல் கேமராவை முழுமையாகக் கைப்பற்ற முடியும். தீர்வும் அப்போதே வந்துவிட்டது. ஆனால், 2022 ஆகஸ்டில் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தேடிப் பார்த்தபோது, 80,000-க்கும் மேற்பட்ட கேமராக்கள் இன்னும் புதுப்பிக்கப்படாமல் இருந்தன. மருந்து கடையில் இருந்தது. வாங்கிச் சாப்பிடத்தான் ஆளில்லை.

செய்முறை: ஏழு படிகள்

1. மாடலைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவின் அடியில் அல்லது பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண்ணும் வன்பொருள் பதிப்பும் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

2. செயலியைத் திறந்து, அந்தக் கேமராவின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போங்கள். 'ஃபெர்ம்வேர் அப்டேட்' அல்லது 'டிவைஸ் இன்ஃபோ' என்று இருக்கும். செயலி மலாயில் இருந்தால் 'கெமாஸ் கினி' என்ற சொல்லைத் தேடுங்கள். இப்போதைய பதிப்பு எண் அங்கே தெரியும்.

3. தானியங்கிப் புதுப்பிப்பு வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். நேரம் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதிகாலையை வையுங்கள்.

4. கையால் புதுப்பிக்கும்போது நேரம் பார்த்துச் செய்யுங்கள். பேராக்கில் பிற்பகல் இடியும் மழையும் நமக்குப் புதிதல்ல. நிலைபொருள் எழுதப்படும் சில நிமிடங்களுக்குள் மின்சாரம் போனால் சில கேமராக்கள் மறுபடி எழவே எழாது. வானம் தெளிவாக இருக்கும் காலை நேரமே நல்லது. கேமரா மறுபடி இயங்கும்வரை பிளக்கைப் பிடுங்கக்கூடாது.

5. கடைக்காரர் வந்து பொருத்திய கேமரா என்றால், பதிவுப் பெட்டியையும் மறக்காதீர்கள். அதற்கும் தனி நிலைபொருள் உண்டு. இவ்வகைப் பெட்டிகளில் சிலவற்றுக்குக் கோப்பைப் பதிவிறக்கம் செய்து யுஎஸ்பி வழியாக ஏற்ற வேண்டும். உற்பத்தியாளரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, அதே மாடலுக்கும் அதே வன்பொருள் பதிப்புக்கும் உரிய கோப்பை மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தி ஏற்றாதீர்கள். தெரியாவிட்டால் பொருத்தியவரையே கூப்பிட்டு, "ஃபெர்ம்வேர் புதுசா மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள்.

6. முடிந்ததும் சரிபாருங்கள். நேரம் சரியாக உள்ளதா, பதிவு நடக்கிறதா, அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டனவா? தொழிற்சாலைக் கடவுச்சொல் இன்னும் இருந்தால் உடனே மாற்றுங்கள். பொருத்தியவர் வைத்த கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இரட்டை உறுதிப்படுத்தல் இருந்தால் இயக்குங்கள். செயலியில் யார் யாருக்குப் பகிர்வு கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

7. ரௌட்டரின் நிலைபொருளையும் இதே போலப் பாருங்கள். வெளியிலிருந்து கேமராவுக்கு நேரடி வழி திறக்கும் 'போர்ட் ஃபார்வர்டிங்', 'யுபிஎன்பி' வசதிகள் தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஊரில் பெற்றோர் தனியாக இருந்தால்

தூரத்திலிருந்தே புதுப்பிக்க முடியும். ஆனால், பாதியில் நின்றுபோனால் அங்கே ஒருவர் பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டிவரும். ஆகவே ஊருக்குப் போகும் நாளில் செய்வது நல்லது. அல்லது முன்கூட்டியே, "அம்மா, கேமரா அஞ்சு நிமிஷம் நிக்கும், பயப்படாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். சிம் கார்டு போட்ட மோடம் வழியாக இணையம் ஓடும் வீடுகளில் டேட்டா மீதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. கேமராவைக் கதவு, வாசல், கூடம் பார்த்து வையுங்கள். படுக்கையறையும் குளியலறைப் பக்கமும் வேண்டாம். நோயாளியைக் கவனிக்கக் கட்டாயம் தேவை என்றால், அவரிடம் கேட்டு அனுமதி பெற்று வையுங்கள். பெரியவர்களுக்கும் மறைவு வேண்டும். ஆசிரியர்கள் தங்கள் வீட்டில் விடைத்தாள் திருத்தும் மேசையைக் கேமராவின் பார்வையிலிருந்து விலக்கி வைப்பதும் நல்லது.

பழைய கேமராவை என்ன செய்வது?

புதுப்பிப்பு என்றென்றும் வராது. வைஸ் நிறுவனம் தன் முதல் தலைமுறைக் கேமராவுக்கு 2022 பிப்ரவரி 1 முதல் ஆதரவை நிறுத்தியது. தேவையான பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய வன்பொருள் தாங்காது என்பதே காரணம். இப்படி ஆதரவு முடிந்த கேமராவை இணையத்திலிருந்து கழற்றிவிடுவதே முறை.

புதிதாக வாங்கும்போது, "எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்கக்கூடாது. புதுப்பிப்பு எவ்வளவு காலம் வரும் என்பதையும் உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும். சிங்கப்பூர் 2020 முதல் நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தை நடத்துகிறது. அந்த முத்திரை உள்ள மாடல் கிடைத்தால் நம் வீட்டுக்கும் நல்லதே.

சந்தேகம் வந்தால்

கேமரா தானாகத் திரும்புகிறது, ஒலிபெருக்கியில் அந்நியக் குரல் கேட்கிறது, தெரியாத ஒருவர் உள்நுழைந்ததாக அறிவிப்பு வருகிறது என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு கைப்பேசியில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கேமராவைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, நிலைபொருளைப் புதுப்பித்த பின்பே மறுபடி பயன்படுத்துங்கள். திரைப்பிடிப்புகளை அழிக்காதீர்கள். சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடம் தெரிவிக்கலாம்; போலீஸ் புகாரும் செய்யலாம். 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது குற்றம். ரிம 50,000 வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "சும்மா பார்க்கலாம்னு" நண்பன் வீட்டுக் கேமராவுக்குள் நுழையும் மாணவனும் இதை அறிந்திருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

கலைச்சொற்கள்: நிலைபொருள், வன்பொருள், செயலி, தீநிரல், ஊடுருவல், கடவுச்சொல், இரட்டை உறுதிப்படுத்தல், தனியுரிமை.

கருத்துணர் வினாக்கள்:
1. செயலியைப் புதுப்பிப்பதும் நிலைபொருளைப் புதுப்பிப்பதும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. மிராய் சம்பவமும் டிரெண்ட்நெட் சம்பவமும் உணர்த்தும் வெவ்வேறு பாடங்கள் யாவை?
3. புதிய நிலைபொருள் வெளிவந்த பின் புதுப்பிக்காத கருவிக்கு ஆபத்து கூடுவது ஏன்?

கட்டுரைத் தலைப்பு: 'வீட்டுக் கண்காணிப்புக் கேமராவால் விளையும் நன்மை தீமைகள்'. நன்மையை எழுதும்போது முதியோர் நலனையும் தீமையை எழுதும்போது தனியுரிமை இழப்பையும் சான்றோடு காட்டுங்கள். ஆண்டும் இடமும் சேர்ந்தால் கருத்து வலுப்பெறும். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்ற பழமொழியும், குற்றங்கடிதல் அதிகாரத்தின் 435-ஆவது குறளும் இதற்குப் பொருந்தும்.

வீட்டுப்பணி: மாணவர்கள் பெற்றோரின் உதவியோடு வீட்டுக் கேமராவின் பதிப்பு எண்ணையும் கடைசியாகப் புதுப்பித்த தேதியையும் கண்டறியட்டும். புதுப்பித்துவிட்டோமா இல்லையா என்பதை மட்டும் வகுப்பில் சொன்னால் போதும். மாடல், கடவுச்சொல், படம் எதையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். வீட்டில் கேமரா இல்லாத மாணவர்கள் ரௌட்டரையோ கைப்பேசியையோ பார்த்து இதே பணியைச் செய்யலாம்.