இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விடலாமா?

திருச்சிக்கு அருகே, கொள்ளிடத்துக்கு வடக்கே, சமயபுரத்தில் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் கடலையே கரைத்தாக வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற கணக்கில், 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ உப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. இவ்வளவு பாடுபட்டவர் மீன் வாங்கும்போது மட்டும் நன்னீர் மீன் வளர்த்த பழக்கத்தில், "ரெண்டும் ஆணா இருந்தா சண்டை போடுமா?" என்று கேட்பார். ஃபைட்டர் மீனுக்கு அது சரியான கேள்வி. பவளப்பாறை மீன்கள் பலவற்றுக்கு அதைவிட முக்கியமானவை வேறு இரண்டு: எது பெரியது? தோற்றது ஒதுங்க இடம் உண்டா?

மன்னார் வளைகுடாவில் கடல் சாமந்தியின் கொடுக்குக் கைகளுக்கு நடுவே வாழும் கோமாளி மீனையே எடுத்துக்கொள்வோம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கின்றன. இந்த மீன் ஆணாகவே முதலில் முதிர்கிறது. கூட்டத்தில் ஆகப் பெரியது பெண். அடுத்தது அதன் துணை. மற்றவை முறைக்குக் காத்திருப்பவை. பெண் இறந்தால் துணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறுகிறது. ஆகவே சிறிய ஆண்கள் இரண்டை விட்டால், ஒன்று வளர்ந்து பெண்ணாகி, சண்டை பெரும்பாலும் சம்சாரத்தில் முடியும். சின்னது உடலைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கிக் காட்டும். 'நீயே பெரியவள்' என்பது அதன் பொருள். ஆனால் பெண்ணாகிவிட்ட இரண்டைச் சேர்த்தால் சமாதானத்துக்கு வழியில்லை. பெண் மறுபடி ஆணாவதில்லை.

பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் துப்புரவு மீனில் கதை தலைகீழ். ஓர் ஆணின் கீழ் பல பெண்கள். ஆணை அகற்றினால் மூத்த பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப்போல் நடக்கத் தொடங்குகிறது என்று 1972-இல் ஆய்வாளர் ராபர்ட்சன் காட்டினார். கடலில் பால் என்பது பல நேரங்களில் பதவி. பதவியைத் தீர்மானிப்பது அளவு. பப்புவா நியூ கினியில் கோமாளி மீன்களை ஆராய்ந்த பஸ்டன், கீழ்ப்படியில் இருப்பவை தம் வளர்ச்சியையே அடக்கி, மேலே உள்ளதைவிடச் சிறியதாகவே இருப்பதை 2003-இல் எழுதினார். பெரியதை எட்டிப் பிடித்தால் அடி விழும், கூட்டத்தை விட்டே துரத்தப்படலாம் என்பதால் அந்த அடக்கம்.

பால் மாறாத மீன்களும் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான்; பாங்காய் கார்டினல், மாண்டரின் போன்றவற்றில் முதிர்ந்த ஆண்கள் இரண்டு ஒரு சிறு தொட்டிக்கு ஆகாது. அங்கே பழைய கேள்வி செல்லும். புதிய மீனை விடும்போது தொட்டியின் கற்களை மாற்றி அடுக்கினால் சண்டை ஓயும் என்பார்கள். எல்லை என்பது மீனுக்குக் கல்லும் பொந்தும்தான். அடையாளம் கலைந்தால் பழைய ஆளும் புதிய ஆளும் சமமாகத் தொடங்குகிறார்கள். ஆனால் எல்லைகள் மறுபடி உருவாகிவிடும். கடலில் தோற்றது நீந்திப் போய்விடும். தொட்டியில் கண்ணாடி மறிக்கிறது. திருச்சி வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. துரத்தப்படும் மீனுக்கு அது இன்னொரு அடி. எனவே அளவில் வேறுபட்ட இளம் மீன்களாக வாங்கி, ஒன்றன் பார்வையில் மற்றது படாதபடி பொந்துகள் அமைப்பதே நல்லது. அப்படியும் ஒரு மீன் மேல் மூலையில் துடுப்பு கிழிந்து, தீனிக்கும் வராமல் நின்றால், அதை அன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.