கடலுக்குப் போகும் தூண்டில்: மலையில் விற்பவர் அறிய வேண்டியவை

ஊவா மாகாணத்தின் இரண்டு மாவட்டங்களான பதுளைக்கும் மொனராகலைக்கும் கடற்கரை கிடையாது. அப்படியிருக்க, பதுளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவன் கடல் தூண்டிலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் என் கடையில் தடியும் ரீலும் சேர்ந்த செட் வாங்குபவர்களில் பலர் அதைக் கடலுக்குத்தான் கொண்டு போகிறார்கள். சித்திரை விடுமுறையிலும் பெருநாள் விடுமுறையிலும் பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்கும் அறுகம்பைக்கும் வேன்கள் போகின்றன. லுணுகலை, பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கினால் மட்டக்களப்பு வாவி வந்துவிடும். போகிறவர்கள் தூண்டிலை வாங்குவது நமது ஊரில்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

2023 ஏப்ரலில் பசறைப் பக்கத் தோட்டத்துத் தம்பி ஒருவர் 7,500 ரூபாவுக்கு ஒரு செட் வாங்கினார். "நல்லா இருக்குமா, முதலாளி?" என்று கேட்டார். "நல்ல சாமான் தம்பி, பதின்மூன்று பெயாரிங்" என்றேன். பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. எந்தத் தண்ணீருக்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் செட் திரும்பி வந்தது. கைப்பிடி சுற்றவில்லை. ரீலின் இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தடியின் நுனி வளையம் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. அவர் சண்டை பிடிக்கவில்லை. "எனக்குத்தான் பாவிக்கத் தெரியல போல" என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டார்.

அன்றைய தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏழரை நாள் உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்த வியாபாரியிடம் கேட்டபோது, "உப்புத் தண்ணிக்குப் பொறுப்பில்லை" என்றார். அவர் சொன்னது சரி. அதை வாங்கியவரிடம் முன்கூட்டியே சொல்லாத பிழை என்னுடையது. அந்த ரீலைக் கடதாசி விரித்துக் கழற்றிப் பார்த்ததில் தொடங்கி, பொத்துவிலில் தூண்டில் போடும் உறவினர்களிடம் கேட்டதுவரை, நான் கற்றுக்கொண்டதைச் சக வியாபாரிகளுக்குச் சொல்கிறேன்.

நன்னீர் வேறு, உப்புநீர் வேறு

ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. பெயாரிங்கிலும் ஸ்பிரிங்கிலும் ஆணியிலும் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும்.

நமது மலைநாட்டில் ரீல் பூட்டிய தூண்டிலின் வழக்கமே நன்னீர் வழக்கம்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து குளிர்ந்த ஓடைகளில் விட்டு, மெல்லிய தடிகளால் பிடித்தார்கள். இன்று நமது இளைஞர்கள் மஹியங்கனை சொறபொர வாவியிலும் ரந்தெனிகல நீர்த்தேக்கத்திலும் திலாப்பியா பிடிக்கிறார்கள். அதற்குச் சிறிய மலிவான செட் போதும். அதே செட்டைக் கடலில் போட்டால் உப்பு ஒரு பக்கம் தின்னும், பாரை மீன் மறுபக்கம் இழுத்து முறிக்கும்.

முதல் கேள்வி: எங்கே நின்று எறிவீர்கள்?

விலையைச் சொல்வதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. குளம், ஆறு: ஆறு, ஆறரை அடித் தடியும் 2000 அல்லது 2500 இலக்க ரீலும் போதும்.

2. வாவி, பாலம், ஆற்று முகத்துவாரம்: ஏழு அடித் தடி. அதன் வலு நடுத்தரமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்க வேண்டும். ரீல் 3000 அல்லது 4000. கொடுவா, சிறிய பாரை, கட்டா, சீலா ஆகியவற்றுக்கு இது பொருந்தும். கரையோரக் கடல் மீன்பிடிக்கு ஒரே ஒரு செட் வாங்குபவருக்கு இதையே கொடுக்கலாம்.

3. திறந்த கடற்கரை மணல்: அலை உடையும் இடத்தைத் தாண்டி எறிய வேண்டும், நூலையும் அலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். இதற்குப் பத்து முதல் பன்னிரண்டு அடித் தடியும் 5000 அல்லது அதற்கு மேற்பட்ட ரீலும் தேவை.

இலக்கம் கூடினால் ரீல் பெரியது, நூல் அதிகம் பிடிக்கும். ஆனால் ஒரு கம்பனியின் 4000 இன்னொரு கம்பனியின் 4000க்குச் சரியாகச் சமமாக இருக்காது. கையில் எடுத்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.

ரீலைப் பார்க்கும் விதம்

பெயாரிங் எண்ணிக்கையைக் கண்டு ஏமாறாதீர்கள். துருப்பிடிக்கும் பதின்மூன்று பெயாரிங்கைவிட, உப்புக்குத் தாங்கும் நான்கு மேல். கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தளர்வு அதிகமாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மெதுவாகச் சுற்றும்போது கரகரப்பு இருக்கக் கூடாது. நூலைப் பிடிக்கும் வளைகம்பியைத் திறந்து மூடினால் தயங்காமல் விழ வேண்டும். நூல் ஓடும் உருளையும் சுழல வேண்டும். உப்பில் முதலில் இறுகுவது பெரும்பாலும் அதுதான்.

5.2:1 என்று எழுதியிருந்தால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நூலைச் சுற்றும் பகுதி 5.2 தடவை சுற்றும் என்று பொருள். பெரும்பாலானோருக்கு இந்த அளவு போதும். புதிதாகப் பழகுபவருக்குத் தடிக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலே ஏற்றது. மேலே பூட்டும் உருளை ரீலில் கை பழகும்வரை நூல் சிக்கிக் குருவிக்கூடு கட்டிவிடும்.

கம்பனிப் பெயருக்கும் மதிப்பு உண்டு. பென் கம்பனி 1932 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கியது. ஷிமானோ 1921 இல் ஜப்பானில் சைக்கிள் பாகம் செய்யத் தொடங்கி, 1970 இலிருந்து தூண்டில் சாமான் செய்கிறது. ஆனால் பெரிய கம்பனிகளும் நன்னீருக்கென்று மலிவு ரீல் செய்கின்றன. ஆகவே பெயரைப் படிப்பதோடு நிறுத்தாமல், உப்புநீருக்கு உகந்தது என்று பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே தடியின் நீளம், வலு, தாங்கும் நூலின் இறாத்தல், எறியக்கூடிய இரையின் கிராம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். வாவிக்கு 10 முதல் 20 இறாத்தல் நூலும் 7 முதல் 28 கிராம் இரையும் என்றிருந்தால் பொருத்தம். எட்டு இறாத்தல் தடியில் நாற்பது இறாத்தல் நூலைச் சுற்றினால், மீன் இழுக்கும்போது நூல் அறாது, தடிதான் முறியும்.

கண்ணாடி நார்த் தடி பாரமானது, ஆனால் அடிபட்டாலும் தாங்கும். வேன் கூரையில் கட்டிச் செல்பவருக்கு அது பரவாயில்லை. கார்பன் தடி இலேசானது, சிறு கடியையும் கைக்குத் தெரிவிக்கும். கல்லில் பட்டால் கீறி முறியும். அதைவிட முக்கியம், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழும் இடிமுழக்கத்தின்போதும் அதை உயர்த்தக் கூடாது என்று வாங்குபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

செட்டாக வரும் கொம்போவில் தடியும் ரீலும் பொருந்தியிருக்கும், தனித்தனியாக வாங்குவதைவிட விலையும் குறையும். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். பாரம் ஏறக்குறைய சமமாக நின்றால் நாள் முழுக்க எறிந்தாலும் கை வலிக்காது.

நூலில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்

கொம்போவில் சுற்றி வரும் நூல் பெரும்பாலும் மட்டமானது. அதை எடுத்துவிட்டு நல்ல தங்கூஸ் சுற்றிக் கொடுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைவாக நிற்க வேண்டும். நிறையச் சுற்றினால் சிக்கும், குறைத்தால் தூரம் போகாது.

பின்னல் நூல் அதே வலுவுக்கு மெல்லியது, இழுபடாது. ஆனால் அடியில் சிறிது தங்கூஸ் சுற்றாவிட்டால் ஸ்பூலில் வழுக்கும். நுனியில் தடித்த தங்கூஸ் ஒரு துண்டு கட்ட வேண்டும். சீலாவின் பல்லுக்குக் கம்பித் துண்டு வேண்டும்.

நமது தராசுக்கு ஒரு வேலை

ரீலிலுள்ள டிராக் என்பது, மீன் பலமாக இழுக்கும்போது நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக். அதை நூல் வலுவின் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வைப்பது வழக்கம். 20 இறாத்தல் நூல் ஏறக்குறைய 9 கிலோ தாங்கும். அப்படியானால் டிராக் 2¼ முதல் 3 கிலோவில் வழுக்க வேண்டும். கடையிலுள்ள தொங்கு தராசின் கொக்கியில் நூலைக் கட்டி இழுத்தால் முள் காட்டிவிடும். நூல் விட்டு விட்டுக் குதிக்காமல் சீராக வந்தால் நல்ல டிராக். வாங்குபவர் முன்னாலேயே இதைச் செய்து காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

கழுவச் சொல்லிக் கொடுங்கள்

டிராக்கை இறுக்கி, நன்னீரை மெதுவாகத் தெளித்துக் கழுவ வேண்டும். பைப் தண்ணீரைப் பலமாகப் பாய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்து நிழலில் காயவிட்டு, உருளைக்கும் கைப்பிடிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். தடியின் வளையங்களையும் துடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு பார்ப்போம் என்று விட்டால், பொத்துவிலிலிருந்து பதுளை வருவதற்குள் உப்பு வேலையைத் தொடங்கிவிடும்.

வியாபாரக் கணக்கு

2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 350க்கு மேல் போனது. இறக்குமதிச் சாமானில் தவறான தெரிவு அதன் பிறகு இருவருக்குமே பெரிய நட்டம். ஆகவே இருபது வகை அடுக்கி வைக்காமல் மூன்று வகை வையுங்கள்: குளத்துக்கு ஒன்று, வாவிக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று. கிழக்குக் கடற்கரைக்கு நம்மவர்கள் பெரும்பாலும் போவது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. சரக்கு மார்ச் மாதத்துக்குள் கடையில் இருக்க வேண்டும்.

இரண்டு துண்டாகக் கழற்றும் தடியே பஸ்ஸில் போகிறவருக்கு வசதி. பீவீசி பைப்பில் ஒரு துண்டு வெட்டி மூடி போட்டால் நல்ல உறை ஆகிவிடும். தங்கூஸ், தூண்டில் முள், ஈயம், எண்ணெய், நுனி வளையம் ஆகிய சில்லறைகளை வைத்திருங்கள். ஒரு தடவை செட் வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவது இவற்றுக்காகத்தான்.

இப்போது என் கடையில் மலிவு செட்டின் பெட்டியிலேயே "குளத்துக்கு மட்டும், கடலுக்கு ஆகாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். விற்பனை குறையும் என்று என் மகன் பயந்தார். சிலர் வாங்காமல் போனது உண்மைதான். ஆனால் பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று மத்ரஸாவிலேயே படித்தவர்கள் நாம்.

அந்தத் தம்பி சென்ற வருடம் மறுபடி வந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "வாவிக்கு, முதலாளி" என்றார். ஏழடித் தடியும் 4000 ரீலும் எடுத்துவைத்து, தராசை இறக்கினேன்.