கர்துங் லா செல்லும் நண்பர்

எங்கள் கிளையின் காசாளர், செப்டம்பரில் லடாக்கில் நடைபெறும் கர்துங் லா ஓட்டத்திற்கு மீண்டும் ஆயத்தமாகிறார். கர்துங் சிற்றூரில் தொடங்கும் 72 கிலோமீட்டர் ஓட்டம், 5,300 மீட்டருக்கும் உயர்ந்த கணவாயைக் கடந்து லே நகரில் முடிகிறது. அவ்வுயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே.

சென்ற ஆண்டு, ஓட்டத்திற்கு முந்தைய இரவு தலைவலி என்று தொலைபேசியில் கூறியவரை, "விட்டுவிடாதீர்கள்" என ஊக்கியவர்கள் நாங்களே. கணவாயை எட்டுமுன் வாந்தியெடுத்துத் தளர்ந்தவரை வண்டியில் இறக்கினார்கள். மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதே என்பதை அன்று அறிந்திலோம்.

இம்முறை ஞாயிறுதோறும் விடியலில் நீர்க்குடுவையுடன் மிதிவண்டியில் உடன் செல்கிறோம். உடல் உயரத்திற்குப் பழக அவர் முன்னதாகவே லே சென்று தங்கவேண்டும். அந்நாட்களில் அவருடைய கவுண்டரை முறைவைத்துக் கவனிப்போம். வரிசை சற்று நீண்டால் வாடிக்கையாளர்கள் பொறுத்தருள்க! அவர் துணைவியார் எங்களிடம் கேட்டது ஒன்றே: தலை வலித்தால் இறங்கிவிடுமாறு நாங்களும் சொல்லவேண்டும். சொல்லியிருக்கிறோம்.