நிலாவில் வீடு: எடை போகும், நிறை போகாது

நிலாவில் நிலம் ஆடுமா? ஆடும். அப்பல்லோ வீரர்கள் விட்டுவந்த கருவிகள் 1977 வரை பதிவு செய்ததில் 28 நடுக்கங்கள் அதிக ஆழமில்லாதவை, வலுவானவை. சில 5 ரிக்டரையும் தாண்டின. 2023 ஆகஸ்ட் 26 அன்று, சந்திரயான்-3 இறங்கிய தெற்குப் பகுதியில் அதன் இல்சா கருவியும் ஓர் அதிர்வைப் பிடித்தது. இயற்கையானது போலத் தெரிகிறது என்றது இஸ்ரோ.

ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதானே, கட்டடம் லேசா இருக்கும், பயமில்லைன்னு தோணும். விஷயம் தலைகீழ்.

எங்க தென்னேரி ஏரிக்கரை அவ்வளவு தண்ணி தள்ளியும் நகராம நிக்குதுன்னா, அது தன் எடையாலதான். கட்டடமும் அப்படித்தான். தரை குலுங்கும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் நிறையைப் பொறுத்தது; பிடித்து நிறுத்துவது எடை. நிலாவில் நிறை மாறாது, எடை மட்டும் ஆறில் ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆறடி உயரம், ஒன்றரை அடி ஆழம் உள்ள ஒரு பீரோவைச் சாய்க்க, பூமியில் 2.4 மீ/வி² முடுக்கம் வேணும். நிலாவில் 0.4 போதும்.

கதிர்வீச்சைத் தடுக்க வீட்டு மேல மூணு மீட்டர் மண் போடணும்னு சொல்றாங்க. சதுர மீட்டருக்கு சுமார் 5 டன் நிறை. ஆனா அது கீழே அழுத்துவது, பூமிக் கணக்கில், ஒரு டன்னுக்கும் குறைவு. உள்ளே நாம மூச்சுவிட அடைச்ச காற்றோ 10 டன் வெளியே தள்ளும்! அதனால் அங்கே கூரை இடிந்து விழுவதில்லை, மேலே பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். குலுங்கினா மட்டும் அந்த 5 டன்னும் முழுசா பக்கவாட்டில் இழுக்கும்.

நேரம் வேறு. பூமியில் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் பலமான ஆட்டம் அடங்கிடும். ஈரமில்லாத, விரிசல் விட்ட நிலாப் பாறையில் அதிர்வு லேசில் அடங்காது. வெண்கல மணி மாதிரி பத்து நிமிஷத்துக்கு மேலும் ஓடியிருக்கு.

சந்திரயான் சோதனைகளுக்கு நாமக்கல் சித்தம்பூண்டிப் பக்கத்து மண்ணைத்தான் இஸ்ரோ எடுத்தது. நிலா மண்ணுக்கு நெருக்கமான மண், ஆனா அதை அழுத்துவது பூமியின் ஈர்ப்பு. அந்த மண்ணைப் போட்டு ஒரு மாதிரி வீட்டை ஆட்டிப் பார்த்தாலும், உண்மையைவிட உறுதியாகவே தெரியும்.

தாழ்வா, அகலமா, தரைக்குள் நங்கூரமிட்டுக் கட்டினால் சாய்வதைச் சமாளிக்கலாம். என் கவலை சுவரில் இல்லை, கதவுச் சட்டத்தில். பத்து நிமிஷ ஆட்டத்தில் அந்த இணைப்பு ஒரு மயிரிழை விட்டாலும் காற்று வெளியேற ஆரம்பிச்சிடும்.